பெண் எடுத்த கதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு சேலத்தில் ஒரு கருத்தரங்கு. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வு. பேசியவர் நல்ல குரல்வளம் உள்ளவர், மேடை பழகியவர். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கண்ணுசாமி என்ற இயற்பெயரைச் சொன்னபோதும், வேலூரில் சிறையிருந்து இறந்ததைச் சொன்னபோதும் அவருக்குத் தொண்டை அடைத்தது. 'கடைசித் தமிழ் மன்னன்' என்று எத்தனை முறை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, "அவரோடு வேலூருக்கு வந்த ராணிகள் யாருங்க? எந்த ஊர்ப் பெண்கள்?" என்று கேட்டேன். "அம்மா, நாம ராஜ்ஜியம் பறிபோன கதையைப் பேசிக்கிட்டிருக்கோம். ராணி எதுக்குங்க இப்ப?" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். என் மாணவிகள் நான்கு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள், நான் சிரித்ததால்.

ராணி எதற்கு? ராணி இல்லாவிட்டால் அந்த ராஜ்ஜியமே நாயக்கர் கைக்குப் போயிருக்காது. இதைத்தான் அன்று எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும்.

கண்டி அரசர்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே மதுரைப் பக்கம் பெண் எடுத்தார்கள். பட்டத்து ராணி சூரியவம்ச சத்திரியப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. உள்ளூர்ப் பிரபு ஒருவரின் மகளை ராணியாக்கினால் அந்தக் குடும்பம் மற்ற பிரபுக் குடும்பங்களின் தலைக்கு மேல் ஏறிவிடும் என்ற கணக்கும் இருந்தது. ஆகவே கடலுக்கு அப்பால் தேடினார்கள். மதுரை நாயக்கர்கள் விஜயநகரப் படையோடு வந்து ஆட்சி பிடித்த தெலுங்கு பேசும் குடிகள். கண்டிக்குப் போன பெண்கள் அரண்மனையின் நேர் வாரிசுகள்கூட அல்ல, உறவுக்காரக் குடும்பங்களின் பெண்கள். படகு அக்கரை சேர்ந்ததும் சூரியவம்சம் ஆகிவிட்டார்கள். பெண் தேவைப்படும்போது வம்சத்தைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம். இந்த வசதி நம் ஊரிலும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தான். மதுரை ராணி வயிற்றில் பிள்ளை இல்லை. ஆனால் அவனுக்குப் பிள்ளையே இல்லையென்று சொல்ல முடியாது. உனம்புவே என்றொரு மகன் இருந்தான். தாய் சிங்களப் பெண், சத்திரிய குலம் இல்லை, ஆகவே அவன் அரசனாக முடியாது. மதுரை ராணியின் தம்பி கண்டியில் இருந்தான். அவன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். அவனும் மதுரைப் பக்கமிருந்தே பெண் எடுத்தான். அவனுக்கும் பிள்ளையில்லை. 1747இல் அவன் ராணியின் தம்பி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரசனானான். முப்பத்தைந்து வருடம் ஆண்டான். அவனுக்குப் பிறகு அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன். 1798இல் வந்த கண்ணுசாமியும் முந்தைய ராணி வழி உறவு.

இந்த வரிசையை ஒருமுறை பெண்ணைக் கொண்டு படித்துப் பாருங்கள். 1739 முதல் 1815 வரை எழுபத்தாறு வருட நாயக்கர் ஆட்சி, இரண்டு முறை 'அக்காவைக் கட்டிக்கொடுத்த' உரிமையில் வந்தது. அங்கே ஒரு சிங்களத் தாயின் மகன் தாயின் குலத்தால் தகுதி இழந்தான். இங்கே ஒரு தம்பி அக்காவின் குலத்தால் தகுதி பெற்றான். எல்லாக் கணக்கும் பெண்ணுடம்பின் மேல்தான் போடப்பட்டது. ஆனால் நம் பாடப் புத்தகத்தில், மேடையில், முகநூல் பெருமையில் தம்பிகளின் பெயர்தான் இருக்கிறது. அக்காக்கள் 'மதுரை இளவரசி' என்ற இரண்டு சொல்லுக்குள் முடிந்துபோனார்கள். சூளவம்சம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இல்லை. மகிஷிகள் நெடுங்காலம் பிடித்திருந்த பொய் நெறியை விட்டார்கள், புத்தரின் வழிக்கு வந்தார்கள், தலதாவுக்குக் காணிக்கை தந்தார்கள் என்று புகழ்கிறது. அந்தப் புகழ்ச்சியைக் கவனியுங்கள். வந்த பெண்ணைப் பாராட்ட அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி, அவள் கொண்டுவந்ததை எல்லாம் எவ்வளவு சீக்கிரம் விட்டாள் என்று சொல்வது.

இன்னொன்றும் உண்டு. பெண் கொடுத்த மதுரையில் நாயக்கர் ஆட்சியே 1730களில் முடிந்துபோனது. அதையும் கடைசியாகத் தாங்கிப் பிடித்தவள் ஒரு பெண், ராணி மீனாட்சி. சந்தா சாகிப் கொடுத்த வாக்கை நம்பி ஏமாந்து நஞ்சு குடித்துச் செத்தவள். ஆக, அதற்குப் பிறகு கண்டிக்குப் போன பெண்களுக்குத் திரும்பிப் பார்க்க ஓர் அரண்மனை இல்லை. பிறந்த வீட்டுப் பெருமையைக் காட்டித்தான் அழைத்துப்போனார்கள், அந்தப் பிறந்த வீடோ இடிந்து கிடந்தது.

அந்நியர் என்ற குற்றச்சாட்டு எப்போது கிளம்பியது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். கீர்த்தி ஸ்ரீ சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் உபசம்பதாவை மீட்டவன். இலங்கைப் பௌத்தத்துக்கு அவன் செய்த அளவுக்குச் செய்த அரசர்கள் குறைவு. ஆனாலும் 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. நெற்றியில் திருநீறு பூசுகிறான், தமிழன், பொய் நெறிக்காரன் என்பது புகார். சரி, அவனுக்குப் பதிலாக யாரை உட்கார வைக்கத் திட்டம் போட்டார்கள்? சியாம் நாட்டிலிருந்து பிக்கு வேடத்தில் வந்திருந்த ஓர் இளவரசனை! அந்நியன் வேண்டாம் என்று சொன்னவர்கள் இன்னும் தூரத்து அந்நியனைக் கூட்டிவந்தார்கள். அந்நியம் என்பது காரணமாக இருந்ததே இல்லை. வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வீச ஒரு பெயர் தேவை, அவ்வளவுதான்.

1815 பிப்ரவரி 18. ஆங்கிலப் படை கண்டிக்குள் வந்துவிட்டது. மெதமகாநுவரைப் பக்கம் ஒளிந்திருந்த அரசனையும் ராணிகளையும் பிடித்தவர்கள் ஆங்கிலேயர் அல்ல, அவர்களோடு சேர்ந்துகொண்ட எக்னெலிகொடவின் ஆட்கள். அரசனைக் கொடியால் கட்டினார்கள். ராணி வேங்கட ரங்கம்மாளின் காதணிகளைக் கழற்றப் பொறுமை இல்லாமல் பிய்த்தார்கள். காது கிழிந்து ரத்தம் ரவிக்கையில் வடிந்தது. அந்த ரவிக்கை இன்று இலங்கையில் அருங்காட்சியகப் பொருள். எனக்குத் தெரிந்த தமிழ் மேடைகளில் அரசனைக் கட்டிய கொடி எப்போதும் வரும். காது வருவதில்லை.

அதே கதையின் மறுபக்கத்தில் இன்னொரு பெண். எஹெலப்பொல என்ற முதன்மை அமைச்சன் ஆங்கிலேயர் பக்கம் போனான். அவனைப் பிடிக்க முடியாத அரசன் 1814இல் அவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றான். பிள்ளைகளின் தலையை வெட்டி உரலில் போட்டுத் தாயையே இடிக்க வைத்தான் என்று சொல்லப்படுகிறது. பிறகு அவளைப் போகம்பறை ஏரியில் மூழ்கடித்தார்கள். ஓடிப்போனவன் புருஷன், செத்தவள் பெண்டாட்டி. ஆங்கிலேயர் இந்தக் கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்லியே போருக்கு நியாயம் தேடினார்கள். 'நம் கடைசித் தமிழ் மன்னன்' என்று உருகுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள், அல்லது வெள்ளைக்காரன் கட்டிய கதை என்பார்கள். உரல் கட்டுக்கதையாகவே இருக்கட்டும். ஏரி கட்டுக்கதை இல்லை. அந்த மன்னனை நான் நம்மவன் என்று தோளில் தூக்க மாட்டேன். ஆனால் ரங்கம்மாளை விட்டுவிடவும் மாட்டேன். அமைச்சன் மனைவியின் சாவு ஒரு போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது, ராணியின் காது யாருக்கும் எதற்கும் காரணமாகவில்லை. இரண்டு பெண்களும் ஆண்கள் ஒருவரையொருவர் அடிக்க எடுத்த இடங்கள்.

மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம். அரசனும் அவனுடைய ரத்த உறவும் திருமண உறவும் என்றைக்கும் அரியணை ஏறக் கூடாது, மலபார் இனத்தவருக்குக் கண்டியில் ஆளும் உரிமை ஒழிந்தது, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வந்தால் தண்டனை என்று அதில் இருக்கிறது. மலபார் என்றால் அந்தக் காலத்துக் காலனியக் காகிதங்களில் தமிழர்கள், நாம்தான். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் சில கண்டிப் பிரதானிகள் தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை. விரோதிகள் என்று அறிவிக்கப்பட்டவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களை விரோதியாகக்கூட எழுதவில்லை. 1816இல் கப்பலேற்றி, மதராஸ் வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30இல் அரசன் இறந்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கடல் தாண்டிப் போய் ராணியான பெண்கள், மறுபடி கடல் தாண்டி, பிறந்த மண்ணுக்கே கைதியாக வந்து சேர்ந்தார்கள். அங்கே தமிழச்சி என்று துரத்தினார்கள். இங்கே 'கண்டி ராஜாவின் குடும்பம்' என்று காவல் வைத்தார்கள்.

இது கண்டிக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் மொதெனா என்ற சிற்றரசின் மகள் மேரி. கன்னியர் மடத்தில் சேர ஆசைப்பட்டவள். 1673இல் பதினைந்து வயதைத் தொடும்போது, தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்த ஆங்கில இளவரசன் ஜேம்ஸுக்குக் கட்டிவைத்தார்கள். 1685இல் அவன் அரசன், அவள் ராணி. பெற்ற பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. 1688 ஜூன் 10இல் ஆண் பிள்ளை பிறந்தது. அறை நிறையச் சாட்சிகள் நின்றார்கள், ஒரு பெண் பிள்ளை பெறுவதை வேடிக்கை பார்க்க. அப்படியும் ஊர் நம்பவில்லை. படுக்கையைச் சூடாக்கத் தணல் போட்டு வைக்கும் மூடிபோட்ட சட்டிக்குள் வைத்து யாரோ பெற்ற குழந்தையை உள்ளே கடத்திவிட்டார்கள் என்று பேச்சு. அவள் கத்தோலிக்கப் பெண், இத்தாலிக்காரி. வாரிசு வேண்டும் என்று கொண்டுவந்த பெண், வாரிசு பிறந்ததும் ஏமாற்றுக்காரியானாள். அந்த டிசம்பரில் கைக்குழந்தையோடு பிரான்சுக்குத் தப்பியோடி, 1718இல் அங்கேயே செத்தாள். 1701இல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டார்கள். கத்தோலிக்கரும் கத்தோலிக்கரை மணந்தவரும் அரியணை ஏறக் கூடாது. கண்டி ஒப்பந்தத்தில் 'திருமண உறவு' என்று எழுதிய பேனா இந்த ஊரில் பழகிய பேனா.

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்றொரு துறை. வேந்தன் பெண் கேட்டு வருவான், தந்தை தர மறுப்பான், போர் மூளும், ஊர் அழியப்போகும். இருபது பாடல் அளவுக்கு இருக்கிறது. கேட்டவன் வேந்தன், மறுத்தவன் தந்தை, வாள் எடுத்தவர்கள் அண்ணன் தம்பிகள். ஆனால் ஊர் அழிவதற்குக் காரணம் என்று புலவர்கள் கைகாட்டுவது அந்தப் பெண்ணின் அழகை, அல்லது அவளைப் பெற்ற தாயை. இருபது பாட்டிலும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. பதினெட்டு வருடமாக இதை வகுப்பில் நடத்துகிறேன். முதல் பத்து வருடம் துறை விளக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவேன், தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி.

இனி என் ஊர்.

நான் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவள். 1997 வரை எல்லாமே சேலம் மாவட்டம். நாமக்கல் பாறைமேல் இருக்கும் கோட்டையைச் சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்பார்கள், எங்கள் சமவெளியும் ஒருகாலம் மதுரை நாயக்கர்களுக்கு வரி கட்டியதுதான். கண்டிக்குப் பெண் அனுப்பிய அந்த நாட்டின் ஓரத்தில்தான் இருந்தோம். இப்போது நாங்கள் பெண் அனுப்புவதில்லை. எடுக்கிறோம்.

ஏன் எடுக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கிய இடம் சேலம். பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் ஊற்றாதீர்கள், எங்களிடம் போட்டுவிடுங்கள் என்று அரசாங்கம் தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டிய நிலையில் இருந்த ஊர். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். தமிழ்நாட்டு சராசரி 942. கள்ளிப்பாலுக்குப் பிறகு ஸ்கேன் வந்தது. நிலமும் போர்வெல்லும் லாரியும் கோழிப்பண்ணையும் உள்ள வீடுகளில்தான் கணக்கு இன்னும் கச்சிதமாகப் பார்த்தார்கள். சொத்து பிரியக் கூடாது. ஒரே ஒரு பையன் போதும். அந்தப் பையன்கள் இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயதில் பெண் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

அப்போதுதான் தரகர்கள் பாலக்காட்டுக்குப் போனார்கள். நான் பிறந்த கொங்கு வேளாளச் சாதியில் இப்போது கேரளத்துப் பெண் இல்லாத ஊர் அரிது. கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டுடையது, தரகுக் காசும் அவர்களுடையது. பெண் வீடு ஓட்டு வீடாக, கூலிக் குடும்பமாக இருக்கும். சாதி? "அங்க இருக்கிற நம்ம மாதிரி ஆளுங்கதான்" என்று தரகர் சொல்வார், வீட்டில் தலையாட்டுவார்கள், வாளையாறு தாண்டியதும் பெண் நம் சாதியாகிவிடும். கண்டிப் படகு சூரியவம்சம் ஆக்கியது போலவே.

இதே சமவெளியில்தான் 2015 ஜூனில், திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் கோகுல்ராஜைக் கடத்திக் கொன்று பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் போட்டார்கள். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வந்த நாளில் கொலைகாரனுக்காக வருத்தப்பட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் சிலவற்றில் பாலக்காட்டு மருமகள் காபி போட்டுக் கொடுத்தாள். நம் வீட்டுப் பெண் தானாக ஒருவனோடு பேசினால் சாதி கெட்டுவிடும். நாம் காசு கொடுத்துக் கூட்டிவந்தால் கெடாது. சாதித் தூய்மை என்று கூச்சலிடுகிறவர்களிடம் இந்த ஒரு கணக்கைத்தான் கேட்கிறேன். பெண்ணுக்கு விருப்பம் இருக்கும் இடத்தில் மட்டும் உங்கள் ரத்தம் எப்படிக் கெட்டுப்போகிறது?

என் தம்பியும் அப்படித்தான் கட்டினான். 2013இல், அவனுக்கு முப்பத்தாறு வயது, அவளுக்கு இருபத்து மூன்று. சொந்த லாரி வைத்திருந்தான், வடக்கே லோடு ஓட்டுவான். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. கூறைச் சேலை முனையைக் கையில் கொடுத்து அருமைக்காரர் என்னை அவன் பக்கத்தில் உட்காரவைத்தார். முனைவர் பட்டம் வாங்கிய, பெண்ணியக் கவிதை எழுதுகிற நான், தரகுக் காசு எவ்வளவு என்று தெரிந்தும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவளை அந்த வீட்டுக்குள் அழைத்துவந்ததில் என் கையும் இருக்கிறது.

வந்த புதிதில் என்னைச் சேச்சி என்று கூப்பிட்டாள். "நங்கையான்னு கூப்புடு, சேச்சி கீச்சின்னுட்டு" என்று பெரியம்மா அதட்டினார். ஆறு மாதத்தில் நங்கையா ஆனேன். ஆறு மாதத்தில் அவள் தேங்காய் எண்ணெய்ச் சமையலை விட்டாள், விஷுவை விட்டாள், வீட்டில் போனில் பேசும்போது குரலைத் தணித்தாள். "மலையாளத்தான்னு சொல்லவே முடியாது, அப்படியே நம்மூருப் புள்ளையாட்டம் ஆயிட்டா" என்று ஊரே மெச்சியது. சூளவம்சத்தின் புகழ்ச்சி எனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது என்று இப்போது புரியும். பாலில் தண்ணீர் கூடினால், மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால், தம்பி குடித்துவிட்டு வந்தால், அப்போது மட்டும் மறுபடி மலையாளத்தா. "மலையாளத்துக்காரி மருந்து வெச்சிருவா" என்பது எங்கள் பக்கம் விளையாட்டுப் பேச்சு. பையன் பிறந்தபோது முதலில் பார்த்தது நிறத்தை. "நம்ம சாயல்தான்" என்று சித்தி அறிவித்த பிறகுதான் சர்க்கரை கொடுத்தார்கள். மொதெனாக்காரியின் பிரசவ அறைக்கும் எங்கள் வீட்டு ஆஸ்பத்திரி அறைக்கும் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை.

போன வருடம் தம்பி செத்தான். நாக்பூர் தாண்டி, விடிகாலையில், நின்றிருந்த இன்னொரு லாரியின் பின்னால் போய் மோதிவிட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியும் முடிந்த பிறகு திண்ணையில் ஆண்கள் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். படித்தவள், அரசாங்கச் சம்பளக்காரி, அதனால் திண்ணையில் ஓர் இடம். சித்தப்பா பேச்சை எடுத்தார்.

"அந்தப் புள்ளைக்கு இன்னும் வயசிருக்குது. இங்க கெடந்து என்ன பண்ணும்? அவுங்கூருக்கே போயி வேற வழி பாத்துக்கட்டும். நாம ஒண்ணும் கல்மனசுக்காரங்க இல்ல. பையன் நம்ம வம்சம், அவன் இங்கயே இருக்கட்டும்."

எவ்வளவு இரக்கமான பேச்சு! விதவை மறுமணம்! எங்கள் சாதியில் என் அம்மாவின் தங்கை இருபத்தெட்டு வயதில் தாலி அறுத்து நாற்பது வருடம் வெள்ளைச் சேலையில் இருந்தார். அப்போது வராத முற்போக்கு இந்தத் திண்ணைக்கு எங்கிருந்து வந்தது? மூன்று ஏக்கர் நிலம், போர்வெல், வீடு, லாரிக்கு வர வேண்டிய இன்சூரன்ஸ், விபத்து நஷ்டஈடு. அங்கிருந்து வந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் கல்யாணமானபோது அப்பா சொத்தில் பங்கு வேண்டாம் என்று தம்பிக்கு எழுதிக்கொடுத்திருந்தேன். இந்தப் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் எழுதிக்கொடுத்திருப்பார்கள். 1989லேயே தமிழ்நாட்டில் மகளுக்குச் சம பங்கு சட்டமாகிவிட்டது, ஆனால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதிக்கொடுப்போம். அந்தப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். பெயர் வைத்தவர் நல்ல நகைச்சுவைக்காரராக இருக்க வேண்டும். "கண்ணு, நீ தம்பிக்குத்தான விட்டுக் குடுத்த, அந்த மலையாளத்தாளுக்கா குடுத்த? ஒரு கேசைப் போடு. உம் பங்கை எடுத்துட்டுப் பையம் பேர்ல எழுதி வெச்சிரலாம். கார்டியனா நாங்க இருக்கறோம்" என்றார் சித்தப்பா.

நான் உடனே எழுந்து மறுத்தேன் என்று எழுதினால் இந்தப் புத்தகத்துக்குப் பொருத்தமாக இருக்கும். மறுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று ராத்திரி உண்மையாகவே யோசித்தேன். அது என் அப்பாவின் நிலம். நான் களையெடுத்த நிலம். அதில் எனக்கில்லாத உரிமை பாலக்காட்டிலிருந்து வந்தவளுக்கு எப்படி என்று என் மனசுக்குள் யாரோ கேட்டார்கள். என் குரல்தான். சித்தப்பாவின் சொல்லைக்கூட அது மாற்றிக்கொள்ளவில்லை, மலையாளத்தா என்றே சொன்னது. கண்டியில் நாம்தான் மலபார் என்பதும், பாலக்காடு 1956 வரை நம்மோடு ஒரே ராஜதானியில் மலபார் மாவட்டமாக இருந்தது என்பதும் அந்த நேரத்தில் என் படிப்புக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பதினாறு நாளும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோது திரும்பாமலே கேட்டாள். "சேச்சி, எல்லாரும் எங்கே போகச் சொல்லுறாங்க? அங்கே எனக்கு வீடு இல்லயே. அச்சன் செத்தபோது அண்ணன் வித்துட்டான்." பத்து வருடத்துக்குப் பிறகு மறுபடி சேச்சி. திண்ணையில் பேசியது முழுக்க அவளுக்குக் கேட்டிருந்தது.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உயில் இல்லாமல் செத்த இந்து ஆணின் முதல் வாரிசுகள் அவன் மனைவி, பிள்ளைகள், அவனைப் பெற்ற தாய். மூவருக்கும் சம பங்கு. சித்தப்பன் இல்லை, அக்காவும் இல்லை. மனைவி எந்த ஊர்க்காரி, எந்த மொழிக்காரி, எவ்வளவு தரகு கொடுத்து வந்தாள் என்பதெல்லாம் சட்டத்துக்கு வேண்டாம். மறுமணம் செய்துகொண்டாலும் வந்த பங்கு போகாது. இதைக் காலையில் திண்ணையில் சொன்னேன். சித்தப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "படிச்சவங்கிட்ட பேச முடியுங்களா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷம் எதற்கும் எனக்குச் சொல்லியனுப்புவதில்லை. அம்மா என்னோடு பேசுகிறார், ஆனால் சுருக்கமாக.

வாரிசுச் சான்றிதழுக்கு நானும் அவளும்தான் போனோம். மூன்று நடை. முதல் நடையில் ஆதார் முகவரி சரியில்லை என்றார்கள், இரண்டாவது நடையில் கல்யாணத்தைப் பதிவு செய்த சான்று கேட்டார்கள். மூன்றாவது நடையில் எழுத்தர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஜாங்கிரி சுத்தி வெச்சிருக்குது? தமிழ்ல போடத் தெரியாதா?" என்று கையெழுத்தைக் காட்டினார். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியும். மகனோடு சேர்ந்து அவன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே கற்றுக்கொண்டவள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என் பேரு இப்படித்தானுங்க எழுதறது" என்றாள்.

அவர் முத்திரையை எடுத்தார்.